பன்னிரண்டு வயதில் கணக்கு எந்த மொழியில்?

லக்சம்பர்க்குக்கு வேலை மாற்றலாகி வரும் நம் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்க நல்ல ஸ்கூல் எது?" கேட்பதில் தப்பில்லை. சென்னையிலும் கோவையிலும் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. போர்டு ரிசல்ட், கட்டணம், வேன் வசதி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது என நாலைந்து விஷயத்தை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். இங்கே அப்படி ஒரு விடை இல்லை. ஒரே கட்டடத்தில் மேல்வீட்டுப் பெண் நாலு வயதில் வந்தவள், கீழ்வீட்டுப் பையன் பத்து வயதில் வந்தவன் என்றால், அந்த வயது வித்தியாசம் ஒன்றே போதும், இருவருக்கும் பொருத்தமான பள்ளி வேறு வேறாகிவிடும். அவளுக்கு மிக நல்ல பள்ளி அவனைத் திணறடிக்கும். இதைச் சொன்னால், "சரி, இருந்தாலும் டாப் மூணு சொல்லுங்க" என்று திரும்பக் கேட்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கேட்க வேண்டியது வேறொரு கேள்வி. இந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதில் கணக்குப் பாடத்தை எந்த மொழியில் படிக்கப் போகிறது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் பள்ளியின் பெயர் தானாக வந்து விழும். மற்ற எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டுக் கணக்கை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? நம் பிள்ளைகள் மொழி தெரியாமல் வந்திறங்கும்போது அவர்கள் கையில் இருக்கும் ஒரே பலம் அதுதான். அந்தப் பலம் எந்த இடத்தில் செல்லுபடியாகிறது, எந்த இடத்தில் ஆகாமல் போகிறது என்பதைப் பார்த்தாலே இந்த நாட்டின் பள்ளி அமைப்பு முழுக்கப் புரிந்துவிடும்.

மூன்று மொழி, ஒரே பள்ளி

மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தொடாத நாடு இது. அதிலும் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டவர். லக்சம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றுக்கும் 1984ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அரசுப் பள்ளி இந்த மூன்றையும் வரிசையாக உள்ளே கொண்டுவருகிறது. நாலு வயதில் கட்டாயக் கல்வி தொடங்கும். செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் நாலு முடிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒரு வருடம், ப்ரேகோஸ் எனப்படுவது, விருப்பமிருந்தால் போகலாம். ஆரம்பப் பள்ளி நான்கு சிக்ல்களாக, அதாவது இரண்டிரண்டு வருடக் கட்டங்களாக, பிரிந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் 'ஷ்பில்ஷூல்' என்று சொல்லும் முதல் சிக்லில் லக்சம்பர்கிஷ்தான் பேச்சு. 2017க்குப் பிறகு பிரெஞ்சும் பாட்டாகவும் கதையாகவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆறு வயதில் தொடங்கும் இரண்டாம் சிக்லில் எழுதவும் படிக்கவும் கற்பது ஜெர்மனில். பிரெஞ்சு முதலில் காதுக்கு வரும், மூன்றாம் சிக்லில் எழுத்துக்கு வரும். கணக்கு, அறிவியல் எல்லாம் ஜெர்மனில்.

இந்த வரிசை, வீட்டில் லக்சம்பர்கிஷ் பேசும் பிள்ளைக்காக அமைந்தது. அந்த மொழி ஜெர்மனுக்கு மிக நெருக்கம் என்பதால் பேச்சிலிருந்து எழுத்துக்குத் தாண்டும் தூரம் குறைவு. ஆனால் இன்று அரசு ஆரம்பப் பள்ளிகளில் வீட்டு மொழியாக லக்சம்பர்கிஷ் பேசும் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். போர்த்துகீசோ அரபியோ தமிழோ பேசி வரும் பிள்ளை இரண்டு முறை தாண்ட வேண்டும்: முதலில் லக்சம்பர்கிஷுக்கு, அங்கிருந்து ஜெர்மனுக்கு. முதல் தாண்டலுக்குக் கிடைப்பது ஷ்பில்ஷூலின் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தை முழுதாகப் பெற்ற பிள்ளைக்கும் பெறாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பத்து வயது வரை தெரிந்துகொண்டே இருக்கும்.

பன்னிரண்டு வயதில் லிசே, அதாவது உயர்நிலைப் பள்ளி. வகுப்பு எண்கள் அங்கே இறங்குவரிசையில் ஓடும். நுழையும் வகுப்பு 7, அடுத்தது 6, கடைசி வகுப்பு 1. நம்மூர் ஏழாம் வகுப்புக்கும் இதற்கும் வயது ஒத்துப்போவது தற்செயல். அடுத்த வருடமே கணக்கு பிசகிவிடும். லிசேயில் படிப்புக்கு அதிக அழுத்தம் தரும் கிளாசிக் பிரிவில், அந்த 7ஆம் வகுப்பில் கணிதம் ஒரே நாளில் பிரெஞ்சுக்கு மாறிவிடுகிறது. மற்ற பாடங்கள் ஜெர்மனிலேயே தொடர்ந்து, 4ஆம் வகுப்பில் மொழிப் பாடங்கள் தவிர எல்லாமே பிரெஞ்சு ஆகும். ஆறு வருடம் ஜெர்மனில் கூட்டிப் பெருக்கிய பிள்ளை கோடை விடுமுறை முடிந்து வந்து உட்காரும்போது ஆசிரியர் பின்னத்தையும் கோணத்தையும் பிரெஞ்சில் பேசுகிறார்.

இதன் கனம் எவ்வளவு என்பதற்கு 74 என்ற ஒரே எண் போதும். தமிழில் எழுபத்து நான்கு. காதில் விழும் வரிசையிலேயே கை எழுதும், முதலில் 7, பிறகு 4. ஜெர்மனில் அது 'ஃபீர்-உண்ட்-ஸீப்ட்ஸிஷ்', அதாவது நான்கும் எழுபதும். சொல்வதெழுதுதலில் அவசரப்படும் ஏழு வயதுப் பிள்ளை கேட்ட வரிசையில் 47 என்று எழுதிவிடும். இரண்டு இடத்தையும் காலியாக மனதில் வைத்து, வலப்பக்கத்தை முதலில் நிரப்பும் பழக்கம் வரச் சில மாதங்கள் பிடிக்கும். அந்தப் பழக்கம் ஊறிப்போன பிறகு பிரெஞ்சு வருகிறது. அங்கே 74 என்பது 'ஸ்வாசாந்த்-கதோர்ஸ்', அறுபதும் பதினான்கும். 'ஸ்வாசாந்த்' என்று கேட்டதும் கை 6 போட்டுவிடுகிறது. 'கதோர்ஸ்' வந்ததும் 6ஐ அழித்து 7 ஆக்க வேண்டும். கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இதில் தடுமாறுவார்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மொழியில் கற்ற எண் வேறொரு மொழியில் உடனே நாவுக்கு வராது, அவ்வளவுதான். பெரியவர்களான நாமே எந்த மொழியில் வாய்ப்பாடு படித்தோமோ அந்த மொழியில்தானே இன்றைக்கும் மனக்கணக்குப் போடுகிறோம்?

இன்னொரு இடம் வார்த்தைக் கணக்கு. "3 பெட்டிகள், யே 12 பாட்டில்கள், மொத்தம் எத்தனை?" இதில் 'யே' என்ற ஒற்றை ஜெர்மன் அசைக்கு 'ஒவ்வொன்றிலும்' என்று பொருள். அதைத் தவறவிட்ட பிள்ளை 3ஐயும் 12ஐயும் கூட்டி 15 என்று எழுதும். பெருக்கல் அதற்கு அத்துப்படி. தடுக்கி விழுந்தது அந்தச் சின்னச் சொல்லில். வீட்டில் உதவ நினைக்கும் பெற்றோர் கூடுதலாகப் பெருக்கல் பயிற்சி கொடுத்தால் பயன் இருக்காது. 'ஒவ்வொன்றிலும்', 'மொத்தம்', 'மீதி', 'இருமடங்கு', 'விடக் குறைவு' போன்ற இருபது முப்பது சொற்களை ஜெர்மனில் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் சில வாரங்களில் மதிப்பெண் மாறுவது தெரியும்.

வந்திறங்கும் நாளில் வயது என்ன?

மூன்றிலிருந்து ஐந்துக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வீட்டருகே உள்ள அரசுப் பள்ளிதான். பலர் தயங்குகிறார்கள், "நமக்கே தெரியாத பாஷையில எப்படிங்க?" என்று. அந்த வயதுக்கு அது பாஷையே இல்லை, விளையாட்டு. மூன்று நான்கு மாதம் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது இயல்பு, ஆசிரியருக்கும் தெரியும். அந்த மௌன காலத்தில் பயந்துபோய் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறுவதுதான் பெரிய தவறு. ஆங்கிலம் அந்த வகுப்பில் எதற்கும் உதவாது. தமிழில் கதை சொல்லி, காரணம் கேட்டு, எதிர்க்கேள்வி போட்டு வளர்ந்த பிள்ளைக்குத்தான் இரண்டாவது மொழியில் அவற்றையெல்லாம் கொட்டுவதற்கு இடம் இருக்கும். இங்குள்ள ஆசிரியர்களும் வீட்டு மொழியை விடாதீர்கள் என்றுதான் சொல்வார்கள்.

ஆறு, ஏழு வயதிலும் அரசுப் பள்ளி நல்ல தேர்வே, ஆனால் இப்போது அதற்குள்ளேயே ஒரு தேர்வு வந்திருக்கிறது. எழுத்தறிவை ஜெர்மனுக்குப் பதிலாகப் பிரெஞ்சில் தொடங்கும் முன்னோடித் திட்டம், 'ட்ஸெஸும்மெ வூவஸ்ஸென்', அதாவது 'சேர்ந்து வளர்வோம்' என்ற பெயரில், 2022இல் தொடங்கி டிஃபெர்டாஞ்ச், டுடெலாஞ்ச், லாரோஷெட், ஷிஃப்லாஞ்ச் ஆகிய நான்கு ஊர்களில் ஒவ்வொரு பள்ளியில் நடந்தது. 2026-27 கல்வியாண்டிலிருந்து நாடு முழுக்க இந்த வாய்ப்பைத் தருவது என்பது கல்வி அமைச்சர் குளோட் மெய்ஷ் தலைமையில் எடுத்த முடிவு. பிரெஞ்சைத் தேர்ந்தால் ஆரம்பப் பள்ளிக் கணக்கும் லிசே கணக்கும் ஒரே மொழியில் ஓடும். நேரே ஆறு வயதில் வந்து, ஷ்பில்ஷூல் கிடைக்காமல் போன நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. கடையிலும் பேருந்திலும் மருத்துவரிடமும் பிள்ளை தினமும் கேட்பது பிரெஞ்சுதான். பெற்றோரும் கூடவே கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஷ்பில்ஷூலில் இரண்டு வருடம் இருந்து, மைதானத்தில் லக்சம்பர்கிஷில் சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு ஜெர்மன்தான் இயற்கையான அடுத்த படி. பெற்றோருக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும் என்பதற்காக மட்டும் அதை மாற்றக் கூடாது.

எட்டு, ஒன்பது வயதில் வருவோருக்கும் அரசுப் பள்ளி முடியாதது இல்லை, உழைப்பு அதிகம். வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, வாரத்தில் சில மணி நேரம் தனியே அழைத்து மொழி கற்றுத் தரும் வரவேற்பு வகுப்பு உண்டு. 'கூர் தக்கேய்' என்று கேட்க வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். எந்த மொழியில் அழுத்தம் கொடுக்கப் போகிறார்கள், வாரம் எத்தனை மணி, எத்தனை மாதம் என்ற மூன்றையும் முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு வருடச் சிக்லை மூன்று வருடத்தில் முடிக்கவும் இங்கே வழி இருக்கிறது. நம் பெற்றோர் காதில் இது 'ஃபெயில்' என்று விழுகிறது. அப்படி இல்லை. எட்டு வயதில் ஒரு வருடம் கூடுதலாக எடுத்த பிள்ளை பன்னிரண்டில் நிமிர்ந்து நிற்பதும், அந்த வருடத்தை மறுத்த பிள்ளை பன்னிரண்டில் சறுக்குவதும் இங்கே சகஜம். ஆசிரியர் முன்வைத்தால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து வயது

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நன்றாகப் படிக்கிற, கணக்கில் எப்போதும் முதல் வரிசையில் இருக்கிற ஒரு பத்து வயதுப் பெண் ஏப்ரல் மாதம் இங்கே வந்து இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கொம்யூன், அதாவது உள்ளூராட்சி நிர்வாகம், அவளை நான்காம் சிக்லின் முதல் வருடத்தில் சேர்க்கிறது. பள்ளி வீட்டிலிருந்து ஐந்து நிமிடம், ஆசிரியை அன்பானவர், கட்டணம் இல்லை, பிள்ளைக்குத் தோழிகள் கிடைத்துவிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் வந்த நாளிலிருந்து ஏறக்குறைய 14 மாதத்தில் 'ஓரியான்தாசியோன்' வந்து நிற்கும். நான்காம் சிக்லின் முடிவில் பிள்ளை கிளாசிக் லிசேக்கா, பொதுப் பிரிவுக்கா, அதற்கும் கீழே ஆயத்தப் பிரிவுக்கா என்று முடிவு செய்யும் கட்டம் அது. எடை போடுவது மூன்றை வைத்து: ஜெர்மன், பிரெஞ்சு, கணக்கு. கடைசி வருடத்தில் நாடு முழுக்க ஒரே வினாத்தாளில் நடக்கும் தேர்வும் இந்த மூன்றில்தான். 14 மாதத்தில் ஒரு பிள்ளை இரண்டு புது மொழிகளில் அந்த அளவுக்கு எழுத வேண்டும், மூன்றாவதான கணக்கும் அவற்றில் ஒன்றில்தான் இருக்கும். முடியாது. பிள்ளையின் திறமையில் குறை ஒன்றும் இல்லை. நாட்கள் போதாது.

அங்கே அவளுக்கு என்ன நடக்கும்? கொடுமை ஒன்றும் இல்லை, யாரும் அவளை ஒதுக்குவதும் இல்லை. பருவத்துக்கு ஒரு முறை ஆசிரியை பெற்றோரை உட்கார வைத்துப் பேசுவார். கடைசிப் பருவத்தில் இருதரப்பும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் ஒரு குழுவிடம் போகும். நம் பெற்றோர் பெரும்பாலும் "டீச்சர் சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அல்லது மொழி புரியாமல் தலையாட்டுகிறார்கள். அந்தச் சந்திப்புகளுக்குப் பள்ளி மூலமாகவே மொழிபெயர்த்துச் சொல்லும் பண்பாட்டுத் தூதர் ஒருவரைக் கேட்கலாம், செலவு இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொதுப் பிரிவுக்குப் போவதால் வாழ்க்கை முடிந்துவிடாது. அங்கிருந்தும் பல்கலைக்கழகத்துக்கு வழி உண்டு. ஜெர்மனை அந்நிய மொழியாக வைத்து நடத்தும் 7ஆம் வகுப்புகள் உண்டு. ஆனாலும், கணக்கில் முதல் வரிசையில் இருந்த பெண் ஒரே வருடத்தில் "எனக்குப் படிப்பு வரல" என்று நம்பத் தொடங்குவாள். அது மதிப்பெண்ணைவிட ஆழமாக இறங்கும்.

அதே பெண்ணுக்கு, அதே ஏப்ரலில், கட்டணம் இல்லாத இன்னொரு வழி இருக்கிறது. நாடு நடத்தும் பொது ஐரோப்பியப் பள்ளிகள். 2016இல் டிஃபெர்டாஞ்சில் முதல் பள்ளி தொடங்கியது. பிறகு யுங்லின்ஸ்டர், கிளெர்வோ, மோண்டோர்ஃப், மெர்ஷ், தலைநகர் என்று பரவியது. அவற்றில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எனப் பிரிவுகள். எந்தப் பிரிவோ அதுவே கணக்கின் மொழியும், கடைசி வகுப்பு வரை. ஆரம்பப் பள்ளி ஐந்து வருடம் என்பதால் அவள் பதினோரு வயதில் உயர்நிலைக்குப் போய்விடுவாள், நடுவில் எந்தப் பிரிவுக்கு என்று யாரும் தரம் பிரிப்பதில்லை. அவளது ஒரே பலம் அப்படியே அவளிடம் இருக்கும். அந்த நிழலில் பிரெஞ்சை நிதானமாகக் கற்றுக்கொள்வாள். ஒன்பதரை வயதுக்கு மேல் வரும் பிள்ளைக்கு, முதலில் இந்தப் பள்ளிகளின் ஆங்கிலப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே மற்றதை யோசிக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

ஆங்கில வழியின் உள்ளும் புறமும்

ஆங்கிலப் பிரிவு என்றால் பிரெஞ்சிலிருந்து தப்பித்துவிடலாம் என்று நினைத்து வருவோருக்கு ஒரு விஷயம். ஐரோப்பியப் பாடத்திட்டத்தில் இரண்டாம் மொழி முதல் வகுப்பிலிருந்தே உண்டு, பிரெஞ்சோ ஜெர்மனோ. இங்குள்ள பொதுப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளில் லக்சம்பர்கிஷும் சேரும். உயர்நிலை மூன்றாம் வருடத்திலிருந்து வரலாறும் புவியியலும் அந்த இரண்டாம் மொழியில் நடக்கும். அதாவது பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை முதல் உலகப் போரைப் பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுத வேண்டும். பத்து வயதில் வந்தவளுக்கு அதற்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது. பன்னிரண்டரையில் வந்தவனுக்கு ஒன்றுதான். சேர்க்கும் நாளிலேயே இரண்டாம் மொழிக்கு வீட்டில் நேரம் ஒதுக்கிவிடுங்கள். இடங்களும் குறைவு, ஆங்கிலப் பிரிவுக்குத்தான் கூட்டம். கோடை வரை காத்திருக்காமல், வேலை உறுதியானவுடனேயே ஒவ்வொரு பள்ளியின் விண்ணப்பத் தேதியையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பேருந்து, ரயில், டிராம் எல்லாம் 2020இலிருந்து நாடு முழுக்க இலவசம் என்பதால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தனியாகப் போய் வருவது இங்கே வழக்கம்.

பன்னிரண்டுக்கு மேல் வருவோர் கொம்யூனில் அலைய வேண்டாம். கல்வி அமைச்சகத்தின் ஒருங்கிணைப்பு, வரவேற்புச் சேவையில் நேரம் வாங்க வேண்டும். கடைசி இரண்டு மூன்று வருட மதிப்பெண் பட்டியல்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கணக்கிலும் தெரிந்த மொழிகளிலும் சோதித்துப் பார்த்து வழி சொல்வார்கள். ஆங்கிலத்தில் தொடர விரும்பும் பெரிய பிள்ளைகளுக்கு அரசு லிசேக்களிலேயே இரண்டு நல்ல கதவுகள் உண்டு: மிஷேல் லூசியுஸ் லிசேயில் பிரிட்டிஷ் பள்ளி இறுதிப் படிப்பான ஏ-லெவல், 1603இல் தொடங்கிய பழம்பெரும் பள்ளியான அத்தேனேயில் ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட். இவை இரண்டும் கேள்விப்படாமலே தனியார் பள்ளிக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு.

கிர்ஷ்பெர்கிலும் மாமரிலும் உள்ள பழைய ஐரோப்பியப் பள்ளிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவற்றில் முதலாவது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான நிலக்கரி, எஃகுச் சமூகத்தின் அலுவலர் பிள்ளைகளுக்காக 1953இல் தொடங்கியது, இரண்டிலும் இன்றும் ஐரோப்பிய ஒன்றிய ஊழியர்களின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. வங்கியிலும் ஐ.டி.யிலும் வேலை செய்வோர் அங்கே இடம் எதிர்பார்த்து மாதங்களை வீணாக்க வேண்டாம்.

தனியார் ஆங்கிலப் பள்ளிகள் நன்றாகவே நடக்கின்றன. ஆனால் மேல்வகுப்புகளில் ஆண்டுக் கட்டணம் 20,000 யூரோவை ஒட்டியும் தாண்டியும் போகும். நிறுவனம் கட்டுகிறது என்றால் எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து உள்ளூர் ஒப்பந்தத்துக்கு மாறும்போது அந்தச் சலுகை நின்றுபோவதும், அதற்குள் பிள்ளைக்குப் பதினொன்று ஆகிவிட்டதால் அரசுப் பள்ளிக்கும் மாற முடியாமல் தவிப்பதும்தான் இந்த ஊரில் திரும்பத் திரும்ப நடக்கும் சங்கடம். மாறாக, மூன்று வருடத்தில் ஊர் திரும்புவது உறுதி என்றால் ஆங்கில வழியே சரி, அரசோ தனியாரோ. சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே நடக்கும். எனவே ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்துக்குள் திரும்புமாறு திட்டமிட்டால் பிள்ளைக்குச் சிரமம் குறையும்.

வாடகை ஒப்பந்தத்துக்கு முன்

அரசு ஆரம்பப் பள்ளியில் பள்ளியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, முகவரி தேர்ந்தெடுக்கிறது. எந்தக் கொம்யூன், அதற்குள் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து இடம் ஒதுக்குவார்கள். வேறு பள்ளி வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே வீடு பார்க்கும்போதே கொம்யூனுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்று கேட்டுவிடுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேசோன் ரெலேயில் இடம் இருக்கிறதா? பெரும்பாலான கொம்யூன்களில் திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் மதியமும் பள்ளி. செவ்வாய், வியாழனில் நண்பகலோடு முடிந்துவிடும். முழுநாள் பள்ளி உள்ள நாட்களிலும் நடுவே இரண்டு மணி நேர இடைவேளை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த நேரத்தைத் தாங்குவது மேசோன் ரெலேதான். 2022 செப்டம்பரிலிருந்து பள்ளி நடக்கும் வாரங்களில் அதற்குக் கட்டணம் இல்லை, விடுமுறை வாரங்களுக்கு வருமானத்தைப் பொறுத்துக் கட்ட வேண்டும். ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே. சில ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் உண்டு. பள்ளியில் இடம் நிச்சயம், மேசோன் ரெலேயில் நிச்சயமில்லை என்ற இந்த வித்தியாசம் தெரியாமல் செப்டம்பர் 15ஆம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்காரும் அம்மாக்கள் அநேகம்.

ஆவணங்களை ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பிறப்புச் சான்றிதழில், அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை அவசியம். தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் தனி மொழிபெயர்ப்பு பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் மருத்துவமனையிலிருந்தே பதிவான பழைய சான்றிதழ்களில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது உண்டு. பெயர் சேர்த்த புதுப் பிரதியை வாங்கிய பிறகே அப்போஸ்டிலுக்குக் கொடுங்கள். கொம்யூனில் வருகையைப் பதிந்ததும் 13 இலக்க எண் ஒன்று வரும், பிறந்த வருடத்தில் தொடங்கும். பள்ளி, மருத்துவக் காப்பீடு, மேசோன் ரெலே எல்லாவற்றுக்கும் அதுவே திறவுகோல்.

அந்தப் பதிவில் பெயரைக் கவனியுங்கள். இங்கே எல்லாப் படிவத்திலும் குடும்பப் பெயர், முதல் பெயர் என இரண்டு கட்டங்கள். நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும், அல்லது இரண்டும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கும். கட்டம் மாறிப்போய், வகுப்புப் பட்டியலில் பிள்ளையின் பெயருக்குப் பதிலாக அப்பா பெயர் ஏறிவிடுகிறது. ஆசிரியை அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறார், மொழி தெரியாத பிள்ளை தன்னைத்தான் அழைக்கிறார் என்றே புரியாமல் உட்கார்ந்திருக்கிறது, "பதில் சொல்வதில்லை" என்று முதல் வாரமே குறிப்பு வருகிறது. கொம்யூன் தரும் சான்றிதழை அங்கேயே வாசித்துப் பார்த்துத் தவறிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். முதல் நாள் காலையில் ஒரு தாளில் பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதி, அதன் கீழே பிரெஞ்சுக்காரர் வாசித்தால் சரியாக ஒலிக்கும் எழுத்துக்கூட்டலில் இன்னொரு முறை எழுதி, ஆசிரியையின் கையில் கொடுத்து, அவர் எதிரிலேயே பிள்ளையை அந்தப் பெயரால் ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.